கட்டிலுக்கு அடியில் 26 வருடம்: வக்கீலிடம் சொன்ன ரகசியம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரிமினல் பக்கம் வேலை பார்க்கும் எந்த வக்கீலும் கல்யாண வீட்டுப் பந்தியில் தப்பிக்க முடியாத கேள்வி ஒன்று உண்டு. "தப்புப் பண்ணவன்னு தெரிஞ்சும் அவனுக்காக எப்படிங்க வாதாடுறீங்க?" அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் இரண்டாவது வந்துவிடும். "அவனே உங்ககிட்ட ஒத்துக்கிட்டா, அதை ஜட்ஜ்கிட்ட சொல்ல மாட்டீங்களா?" இரண்டுக்கும் நின்றபடி பதில் சொல்லி எனக்கு ஒருநாளும் திருப்தி வந்ததில்லை. அதனால் இத்தனை வருடங்களில் கேட்கப்பட்டவற்றைத் தொகுத்து உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். என்னிடம் வழக்கைக் கொடுத்த கட்சிக்காரர்கள் கதை எதையும் இதில் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. நீதிமன்றப் பதிவில் ஏறி ஊரறிந்த வழக்குகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முதல் வழக்கு சிகாகோவில் நடந்தது.

நிரபராதி ஒருவர் ஜெயிலில் இருப்பது தெரிந்தும் வக்கீல்கள் வாயே திறக்கவில்லையாமே, நிஜமா?

நிஜம். 1982 ஜனவரியில் சிகாகோவின் தென்பகுதியில் ஒரு மெக்டொனால்ட்ஸ் கடையில் துப்பாக்கிச்சூடு நடந்தது. காவலாளி ஒருவர் இறந்தார், இன்னொருவர் காயம்பட்டார். ஆல்டன் லோகன் என்பவரைப் போலீஸ் பிடித்தது. அந்த நேரத்தில் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்ததாக அவர் சொன்னார். குடும்பத்தாரும் அதையே சொன்னார்கள். ஆனால் நேரில் பார்த்த சாட்சிகள் கையை நீட்டி அவரை அடையாளம் காட்டினார்கள். ஆயுள் தண்டனை விழுந்தது.

அந்தத் துப்பாக்கிச்சூட்டுக்கு அடுத்த மாதம் அதே நகரில் இரண்டு போலீஸ்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பிடிபட்டவன் ஆண்ட்ரூ வில்சன். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக அரசு சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் வக்கீல்களில் இருவர், டேல் கோவென்ட்ரியும் ஜேமி கன்ஸும், அவனுக்காக ஆஜரானார்கள். இதற்கிடையில் மெக்டொனால்ட்ஸ் வழக்கின் இன்னொரு எதிரி, அதாவது அதில் குற்றம் சாட்டப்பட்ட இன்னொருவன், லோகனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, தன்னோடு வந்தது வில்சன்தான் என்று தன் வக்கீலிடம் சொல்லியிருந்தான். அந்தச் சேதி இந்த இருவர் காதுக்கும் வந்தது. வில்சனிடம் நேராகவே கேட்டார்கள். அவன் ஒப்புக்கொண்டான்.

1982 மார்ச்சில் இருவரும் ஒரு பிரமாண வாக்குமூலம் தயாரித்தார்கள். அந்தக் கொலைக்கு லோகன் பொறுப்பல்ல என்று ரகசியக் காப்புக்கு உட்பட்ட வழியில் தங்களுக்குத் தெரியவந்திருக்கிறது என்பதுதான் அதன் சாரம். யார் செய்தது என்று அதில் இல்லை. நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்து ஒட்டி, ஒரு இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள். அந்தப் பெட்டி கோவென்ட்ரி வீட்டுக் கட்டிலுக்கு அடியில் போனது.

2007 நவம்பரில் வில்சன் சிறையிலேயே இறந்தான். அதன்பிறகுதான் உறை வெளியே வந்தது. 2008 ஏப்ரலில் லோகன் வெளியே வந்தார், செப்டம்பரில் வழக்கே கைவிடப்பட்டது. 28 வயதில் உள்ளே போனவருக்கு அப்போது 54 வயது.

அந்த இரண்டு வக்கீல்களுக்கும் மனசாட்சி என்று ஒன்று கிடையாதா?

இருந்ததால்தான் அந்தக் காகிதமே எழுதப்பட்டது. சொல்லவே போவதில்லை என்றால் நோட்டரியிடம் போக வேண்டிய தேவை என்ன? லோகன் வழக்கில் தண்டனை என்ன என்று ஜூரி, அதாவது பொதுமக்களிலிருந்து எடுத்த 12 பேர், முடிவு செய்யும் நாளை இருவரும் பயத்தோடு எதிர்பார்த்திருந்தார்கள். மரண தண்டனை விழுந்தால் கவர்னரிடம் போய்விடுவது என்று எண்ணியிருந்தார்கள். 12 பேரில் 10 பேர் மரண தண்டனைக்கு வாக்களித்தார்கள். இரண்டு ஓட்டு குறைந்ததால் அது ஆயுள் தண்டனையானது.

இந்த இடத்தில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். உயிர் போகும் என்றால் விதியை மீறத் துணிந்தவர்கள், வாழ்நாள் போகும் என்றபோது விதிக்குக் கட்டுப்பட்டு இருந்துவிட்டார்கள். அவர்களை நான் திட்டத் தயாரில்லை. ஆனால் அந்த விதி சரியாக இருந்தது என்றும் சொல்ல மாட்டேன். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பெயர் போடாமல் ஒரு மொட்டைக் கடுதாசியாவது போட்டிருக்கலாமே?

எல்லோரும் கேட்பது இது. போட்டால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "லோகன் இல்லை" என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு எந்தக் கோர்ட்டும் ஆளை விடாது. "பிறகு யார்?" என்ற கேள்வி வரும். பதில் வில்சனிடம்தான் போய் முடியும். அவன் தலைமேல் ஏற்கெனவே இரட்டைக் கொலை வழக்கு தொங்குகிறது, இல்லினாய் மாநிலத்தில் அன்றைக்கு மரண தண்டனையும் இருந்தது. இன்னொரு கொலையும் சேர்ந்தால் அவன் கழுத்தில் கயிற்றைப் போடுவது அவனுக்காக வக்காலத்து ஏற்ற வக்கீலேதான். பெயர் போட்டுச் சொன்னாலும் போடாமல் சொன்னாலும் விளைவு ஒன்று.

அப்படியென்றால் இந்த ரகசியம் உண்மைக்கு எதிரிதானே?

இந்தக் கேள்விக்காகத்தான் சிகாகோ வழக்கை முதலில் எடுத்தேன்.

வில்சனைக் கைது செய்தது ஜான் பர்ஜ் என்ற அதிகாரியின் கீழ் இருந்த துப்பறியும் குழு. ஸ்டேஷனில் அவனுக்கு மின்சாரம் பாய்ச்சினார்கள், அறையைச் சூடேற்றும் ரேடியேட்டரில் உடம்பு பட வைத்துச் சூடு போட்டார்கள். சிறை மருத்துவர் காயங்களைப் பார்த்துவிட்டு விசாரிக்கச் சொல்லிப் போலீஸ் தலைமைக்குக் கடிதமே எழுதினார். அப்படி வாங்கிய வாக்குமூலத்தை வைத்துக் கொடுத்த தண்டனையை 1987-இல் மாநில உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மறுவிசாரணையில் அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. பர்ஜ் சித்திரவதை பற்றிப் பொய் சொன்னதற்காக 2010-இல் குற்றவாளி என்று தீர்ப்பானது.

இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு அறையில் அவனுக்குச் சூடு போட்டுக் கேட்டார்கள். மெக்டொனால்ட்ஸ் காவலாளியைக் கொன்றவன் யார் என்ற உண்மை அங்கே வெளிவரவில்லை. இன்னொரு அறையில் இரண்டு பேர் உட்கார்ந்து வாயால் கேட்டார்கள். வந்துவிட்டது. கேட்டவர்கள் வெளியே சொல்ல மாட்டார்கள் என்ற ஒரே காரணத்தால் வந்தது. அந்த உறுதி இல்லாவிட்டால் கட்டிலுக்கு அடியில் பெட்டியும் இருந்திருக்காது, 2008-இல் லோகனை விடுவிக்க எதுவுமே மிஞ்சியிருக்காது. ரகசியம் உண்மையைப் பூட்டி வைத்தது என்பது சரிதான். பூட்டி வைக்க ஒரு உண்மை கிடைத்ததும் அதே ரகசியத்தால்தான்.

லாக்கப்பில் அடித்து "உண்மை" வாங்கும் பழக்கத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதைப் பெரிதாக விளக்கத் தேவையில்லை. 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் எப்படிச் செத்தார்கள் என்று தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இங்கிலாந்தின் சட்டச் சிந்தனையாளர் ஜெரமி பெந்தம் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வக்கீல் ரகசியத்துக்குக் கொடுக்கும் இந்தப் பாதுகாப்பை எதிர்த்து எழுதினார். நிரபராதிக்கு மறைக்க ஒன்றுமில்லை, இந்தப் பாதுகாப்பு குற்றவாளிக்குத்தான் உதவும் என்பது அவர் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சேம்பரில் ஒரு வாரம் உட்கார்ந்தால் தெரியும், மறைக்கப் பார்ப்பவர்களில் பாதிப் பேர் குற்றம் செய்யாதவர்கள். சம்பவ இடத்தில் இருந்திருப்பார், ஆனால் அடித்திருக்க மாட்டார். கடன் வாங்கியிருப்பார், ஆனால் ஏமாற்றியிருக்க மாட்டார். தனக்கு எது பாதகம், எது சாதகம் என்று அவருக்கே தெரியாது. பயத்தில், தன்னைக் காப்பாற்றக்கூடிய விஷயத்தையே மறைத்துவிடுவார்.

நம் நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது?

பாரதிய சாட்சிய அதிநியம், 2023. அமலுக்கு வந்தது 2024 ஜூலை 1. அதில் 132 முதல் 134 வரையிலான பிரிவுகள். பழைய 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 126 முதல் 129 வரை இருந்ததுதான் எண் மாறி வந்திருக்கிறது. அதே வார்ப்பு இலங்கையின் 1895-ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டத்திலும் மலேசியாவின் சாட்சியச் சட்டத்திலும் உண்டு.

132-இல் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். வக்கீலைச் சொல்லச் சொல்லி "கட்டாயப்படுத்தக் கூடாது" என்று அது சொல்லவில்லை. சொல்ல அவரை "அனுமதிக்கவே கூடாது" என்கிறது. வக்கீல் தானாகவே கூண்டில் ஏறிச் சொல்ல முன்வந்தாலும் கட்சிக்காரரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் கோர்ட் அதைக் கேட்கக் கூடாது. ரகசியத்தின் சொந்தக்காரர் கட்சிக்காரர். வக்கீல் வெறும் காவல்காரர்.

வழக்கு முடிந்தாலும், நீங்கள் வக்கீலை மாற்றிக்கொண்டு கேஸ் கட்டை வாங்கிப் போனாலும், இந்தக் கடமை தொடரும்.

எதைச் சொன்னாலும் பாதுகாப்பா?

இல்லை. சட்டமே மூன்று உதாரணம் கொடுத்திருக்கிறது. 150 வருடமாக ஜூனியர்கள் மனப்பாடம் செய்கிற உதாரணங்கள்.

ஒருவர் வக்கீலிடம் வந்து, "நான் போலி ஆவணம் தயாரித்துவிட்டேன், எனக்காக வாதாடுங்கள்" என்கிறார். இதற்குப் பாதுகாப்பு உண்டு. குற்றம் செய்தவர் என்று தெரிந்தும் அவருக்காக வாதாடுவது சட்டவிரோத நோக்கமல்ல என்று சட்டமே காரணமும் சொல்லிவிடுகிறது. கல்யாண வீட்டு முதல் கேள்விக்கு 1872-லேயே பதில் இருக்கிறது.

இன்னொருவர், "இந்தப் போலிப் பத்திரத்தை வைத்து அந்த இடத்தைப் பிடிக்க வேண்டும், கேஸ் போடுங்கள்" என்கிறார். இதற்குப் பாதுகாப்பு இல்லை. அவர் கேட்பது நடந்து முடிந்த குற்றத்துக்கான தற்காப்பை அல்ல, இனி செய்யப் போகும் குற்றத்துக்கு உதவியை.

மூன்றாவதுதான் எனக்கு மிகப் பிடித்தது. பணம் கையாடியதாக ஒருவர்மேல் வழக்கு. வக்கீல் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கிறார். பிறகு இன்னொரு நாள் புரட்டும்போது, கையாடியதாகச் சொன்ன அதே தொகை அவர் பெயரில் பற்று எழுதப்பட்டிருக்கிறது. முதலில் பார்த்தபோது அந்த வரி அங்கே இல்லை. அதாவது வழக்கை ஏற்ற பிறகு யாரோ கணக்கைத் திருத்தியிருக்கிறார்கள். வக்கீல் கண்ணால் கண்ட இந்தச் சங்கதிக்குப் பாதுகாப்பு கிடையாது.

"அவனை முடிச்சிட்டு வந்து சரண்டர் ஆகிறேன்" என்று கட்சிக்காரர் சொன்னால்?

சட்டவிரோத நோக்கத்துக்காகச் சொல்லப்படும் பேச்சுக்கு 132 நிழல் கொடுக்காது. அமெரிக்க வக்கீல் சங்கத்தின் மாதிரி நடத்தை விதி, உயிரிழப்பையோ பெருங்காயத்தையோ தடுக்க வக்கீல் தகவல் சொல்லலாம் என்று வெளிப்படையாகவே இடம் தருகிறது. என்னைப் பொறுத்தவரை இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஒரு உயிரைக் காப்பாற்ற முடியும் என்றால் காப்பாற்ற வேண்டும்.

செத்தவர் உடல் எங்கே கிடக்கிறது என்று தெரிந்தும் பெற்றவர்களிடம் சொல்லாமல் இருக்கலாமா?

1973-இல் நியூயார்க் மாநிலத்தின் மலைப்பகுதியில் ராபர்ட் காரோ என்பவன் முகாமிட்டிருந்த ஓர் இளைஞனைக் கொன்றதற்காகப் பிடிபட்டான். அவனுக்கு வக்கீல்கள் ஃபிராங்க் அர்மானியும் ஃபிரான்சிஸ் பெல்ஜும். காணாமல் போயிருந்த இரண்டு பெண்களையும் தான்தான் கொன்றேன் என்று அவர்களிடம் சொன்னான். உடல்கள் கிடந்த இடத்தையும் சொன்னான். வக்கீல்கள் தேடிப் போனார்கள். ஒரு உடல் கைவிடப்பட்ட சுரங்கக் குழியில் கிடந்தது. படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்கள்.

அந்தப் பெண்ணின் தகப்பனார் ஊரிலிருந்து புறப்பட்டு வந்து அர்மானியின் அலுவலகத்தில் உட்கார்ந்து, என் மகளைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்டார். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவரும் பெண்பிள்ளைகளைப் பெற்றவர். ஒன்றும் சொல்லாமல் அனுப்பிவிட்டார்.

1974 ஜூனில் காரோ தானே கூண்டில் ஏறிச் சொன்ன பிறகுதான் எல்லாம் வெளிவந்தது. ஊர் கொதித்தது. பிணத்துக்கு முறையான அடக்கம் செய்யவில்லை என்ற பொதுச் சுகாதாரச் சட்டப் பிரிவில் பெல்ஜ்மீது வழக்குப் பாய்ந்தது. 1975-இல் கோர்ட் அதைத் தள்ளுபடி செய்தது. ஆனால் இருவரின் தொழிலும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

சட்டப்படி அவர்கள் செய்தது சரி என்று நானும் சொல்வேன். ஆனாலும் அந்தத் தகப்பனார் படி இறங்கிப் போவதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. இந்தத் தொழிலில் இரண்டையும் சேர்த்துத்தான் சுமக்க வேண்டியிருக்கிறது.

குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகும் "இவர் நிரபராதி" என்று வாதாடுவது பொய்தானே?

நல்ல வக்கீல் அப்படிப் பேச மாட்டார். "அரசுத் தரப்பு சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்ததா?" என்றுதான் கேட்பார். எஃப்ஐஆர் ஏன் ஆறு மணி நேரம் தாமதம்? இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் முகம் தெரிந்தது என்கிறாரே, டார்ச்சைக் கைப்பற்றினார்களா? அடையாள அணிவகுப்புக்கு முன்னாலேயே சாட்சிக்கு ஸ்டேஷனில் ஆளைக் காட்டிவிட்டார்களா? இவையெல்லாம் யாருக்காகவும் கேட்கப்பட வேண்டியவை. லோகனை அடையாளம் காட்டிய சாட்சிகளிடம் கேட்ட கேள்விகள் எடுபடாமல் போனதன் விலை 26 வருடம்.

செய்யக் கூடாதது, ஒப்புக்கொண்ட கட்சிக்காரருக்காக "அன்றைக்கு அவர் திருச்சியில் இருந்தார்" என்று பொய்ச் சாட்சியை ஏற்றுவது. கோர்ட்டை ஏமாற்ற எந்த ரகசியமும் லைசென்ஸ் தராது.

1840-இல் லண்டனில் ஒரு பிரபு கொலையான வழக்கில், வேலைக்காரன் கூர்வோசியே விசாரணையின் நடுவில் தன் வக்கீல் சார்லஸ் பிலிப்ஸிடம் ஒப்புக்கொண்டுவிட்டான். பிலிப்ஸ் விலகப் பார்த்தார். விஷயத்தை ஒரு நீதிபதியிடம் கேட்டபோது, கடைசிவரை நின்று நேர்மையான வாதங்களையெல்லாம் வைக்கக் கடமைப்பட்டவர் நீங்கள் என்று அவர் சொல்லிவிட்டார். வழக்கை நடத்தி முடித்தார், வேலைக்காரனுக்குத் தூக்கு. பிறகு விஷயம் வெளியே வந்ததும் பிலிப்ஸ் பட்ட ஏச்சுக்கு அளவில்லை.

வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் நம் பார் கவுன்சிலின் விதி இன்னும் தெளிவானது. எதிரி குற்றம் செய்தாரா இல்லையா என்ற சொந்த அபிப்பிராயம் எதுவாக இருந்தாலும் அவருக்காக வாதாட வேண்டும். போதிய சாட்சியம் இல்லாமல் எவரும் தண்டிக்கப்படக் கூடாது என்கிற சட்டத்துக்குத்தான் வக்கீலின் விசுவாசம் என்று காரணத்தையும் அதுவே சொல்கிறது. கோயம்புத்தூரில் வக்கீல்களோடு மோதிய போலீஸ்காரர்களுக்கு யாரும் ஆஜராகக் கூடாது என்று அங்கிருந்த வக்கீல் சங்கம் தீர்மானம் போட்டபோது, அப்படிப்பட்ட தீர்மானங்கள் செல்லாது என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ரத்தக்கறை படிந்த அரிவாளை வக்கீலிடம் கொடுத்துவிட்டால் பத்திரமா?

கொடுக்காதீர்கள். பாதுகாப்பு பேச்சுக்குத்தான், பொருளுக்கு இல்லை. சாட்சியத்தை மறைப்பது தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 238-ஆம் பிரிவில் குற்றம். வக்கீல் கோட்டு போட்டிருப்பதால் அது குற்றமில்லாமல் போய்விடாது.

கனடாவில் நடந்ததைச் சொல்கிறேன். பால் பெர்னார்டோ என்ற கொலைகாரனின் வக்கீல் கென் மர்ரே, 1993 மே மாதம் கட்சிக்காரன் சொன்னபடி அவன் வீட்டுக் குளியலறைக் கூரை விளக்குக்கு மேலே ஒளித்து வைத்திருந்த வீடியோ கேசட்டுகளை எடுத்துவந்தார். போலீஸ் பல வாரம் சோதனை போட்டும் சிக்காதவை அவை. கொடுமைகள் எல்லாம் அதில் பதிவாகியிருந்தன. ஒரு வருடத்துக்கும் மேலாக அவர் தன்னிடமே வைத்திருந்தார். அந்த இடைவெளியில் அரசுத் தரப்பு, கொலைகளில் பங்கிருந்த பெர்னார்டோவின் மனைவிக்கு 12 வருடத் தண்டனை என்று பேசி முடித்துவிட்டது. கேசட் வெளிவந்தபோது அவள் பங்கு எவ்வளவு பெரியது என்று தெரிந்தது, ஆனால் பேசினது பேசினதுதான். மர்ரேமீது வழக்குப் போட்டார்கள். 2000-இல் விடுதலையானார்.

அவர் விடுதலையானாலும் அந்தச் செயலுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். வில்சன் சொன்ன பேச்சு, வக்கீல்கள் இல்லாவிட்டால் இருந்தே இருக்காது. அந்தக் கேசட்டுகள் அப்படியல்ல. அவை ஏற்கெனவே உலகத்தில் இருந்தவை.

வக்கீல் குமாஸ்தா, டைப்பிஸ்ட், மொழிபெயர்ப்பாளர்?

அவர்களும் கட்டுப்பட்டவர்கள்தான்.

மாமாவையும் ஊர்ப் பெரியவரையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

சேம்பர் வரை வரட்டும். சம்பவத்தைப் பேசும்போது வெளியே இருக்கட்டும். என் சீனியரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஜாமீன் விஷயமாக நாலைந்து பேர் சேர்ந்து வந்து உட்கார்ந்ததும், குமாஸ்தாவைப் பார்த்து, "இவங்களைக் கூட்டிட்டுப் போய் டீ வாங்கிக் குடுப்பா" என்பார். எல்லோரும் எழுந்து போனபின் கதவைச் சாத்திவிட்டு, "இப்ப சொல்லு தம்பி" என்பார். அதுவரை மாமாதான் கதை சொல்லிக்கொண்டிருப்பார், தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். கதவு சாத்தியபின் வருகிற கதை வேறாக இருக்கும்.

சட்டக் காரணம் எளிமையானது. பாதுகாப்பு வக்கீலுக்கும் அவரிடம் வேலை பார்ப்பவர்களுக்கும்தான். பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட மாமாவை நாளைக்கு அரசுத் தரப்பு சாட்சியாக அழைத்தால், அவரைத் தடுக்கப் பிரிவு 132 வராது.

டாக்டரிடம், ஆடிட்டரிடம், பாதிரியாரிடம் சொன்னால்?

தொழில் ஒழுக்கப்படி அவர்கள் ரகசியம் காக்க வேண்டியவர்கள். ஆனால் கோர்ட் கூண்டில் ஏற்றிக் கேட்டால், வக்கீலுக்குச் சாட்சியச் சட்டம் கொடுத்திருக்கிற இந்தப் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை. கம்பெனியில் மாதச் சம்பளத்துக்கு இருக்கும் சட்ட அதிகாரிக்கும் 132 பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2025-இல் சொல்லியிருக்கிறது. சட்ட ஆலோசகரிடம் பேசிய ரகசியத்தைச் சொல்லும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிற 134 தருகிற அளவுக்கு மட்டும் பாதுகாப்பு உண்டு.

வக்கீலையே விசாரணைக்குக் கூப்பிட்டு, "உன் கட்சிக்காரன் என்ன சொன்னான்?" என்று கேட்க முடியுமா?

2025-இல் இந்தக் கேள்விதான் நாட்டை உலுக்கியது. ஒரு கம்பெனி விவகாரத்தில் சட்டக் கருத்து எழுதிக் கொடுத்ததற்காக, சென்னையைச் சேர்ந்த மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தத்தாருக்கு அமலாக்கத்துறை சம்மன் அனுப்பியது. அடுத்து பிரதாப் வேணுகோபால் என்ற மூத்த வழக்கறிஞருக்கும் அனுப்பியது. நாடு முழுக்க வக்கீல்கள் எதிர்த்தார்கள், சம்மன்கள் திரும்பப் பெறப்பட்டன. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து, 2025 அக்டோபர் 31 அன்று தீர்ப்புச் சொன்னது.

132-இல் சொன்ன விதிவிலக்குகளுக்குள் வந்தாலொழிய, வழக்கு விவரம் கேட்டு விசாரணை அதிகாரி வக்கீலுக்குச் சம்மன் அனுப்பக் கூடாது. அனுப்புவதாக இருந்தால் எந்த விதிவிலக்கு, எந்தச் சங்கதி என்று சம்மனிலேயே எழுத வேண்டும். எஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி தன் திருப்தியை எழுத்தில் பதிந்து ஒப்புதல் தர வேண்டும். வக்கீல் அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போகலாம்.

என் வருத்தம் ஒன்றுண்டு. மூத்த வழக்கறிஞருக்கு சம்மன் போனால் டெல்லி அதிரும். தாலுகா கோர்ட் ஜூனியரை ஸ்டேஷன் வாசலிலேயே போலீஸ் நிறுத்தி, "உங்க ஆள் எங்க இருக்கான்னு சொல்லிட்டுப் போங்க வக்கீலே" என்று கேட்கும்போது யாரும் அதிர்வதில்லை. இந்தத் தீர்ப்பின் நகல் அந்த ஜூனியரின் பையில் இருக்க வேண்டும்.

வாட்ஸ்ஆப்பில் வக்கீலுக்கு அனுப்பியதெல்லாம்?

வக்கீலின் போன், லேப்டாப் தேவை என்றால் கோர்ட் முன்னால்தான் ஒப்படைக்கச் சொல்ல முடியும் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. கோர்ட் அந்த வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் நோட்டீஸ் கொடுத்து, ஆட்சேபம் கேட்டபின், அவர்கள் முன்னிலையில்தான் திறக்க வேண்டும். மற்ற கட்சிக்காரர்களின் ரகசியம் வெளியே போகக் கூடாது. ஆனால் இதெல்லாம் வக்கீலின் போனுக்கு. உங்கள் போன் போலீஸ் கையில் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டு டைப் அடியுங்கள். சம்பவத்தைப் பற்றி எழுதாமல் நேரில் சொல்வதே நல்லது.

கட்சிக்காரர் இறந்துவிட்டால் ரகசியமும் போய்விடுமா?

போகாது. வெள்ளை மாளிகை அதிகாரி வின்ஸ் ஃபாஸ்டர் 1993-இல் தற்கொலை செய்துகொள்வதற்குச் சில நாள் முன்பு ஒரு வக்கீலிடம் பேசியிருந்தார். அந்தக் குறிப்புகளை விசாரணை அதிகாரி கேட்டபோது, இறந்தபின்னும் பாதுகாப்பு தொடரும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1998-இல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. சிகாகோ வக்கீல்கள் உறையை வெளியே எடுக்க முடிந்ததற்குக் காரணம், "நான் செத்தபின் சொல்லிக்கொள்ளுங்கள்" என்று வில்சனிடம் முன்பே சம்மதம் வாங்கியிருந்தது. அந்த ஒரு சம்மதத்தைக் கேட்டு வாங்கத் தோன்றியதே, அதற்காக அந்த இருவருக்கும் நான் நன்றி சொல்வேன்.

நீங்கள் எந்தப் பக்கம்? விதியை மாற்ற வேண்டுமா, வேண்டாமா?

ஒரே ஒரு இடத்தில் மாற்ற வேண்டும். மாசசூசெட்ஸ் மாநிலத்து விதியில், செய்யாத குற்றத்துக்காக ஒருவர் தூக்கிலிடப்படுவதையோ சிறையில் கிடப்பதையோ தடுக்க வக்கீல் ரகசியத்தைச் சொல்லலாம் என்று இருக்கிறது. நம் சட்டத்தில் அப்படி ஒரு வாசல் இல்லை. நாளைக்கு மதுரையிலோ வேலூரிலோ ஒரு கோவென்ட்ரி உருவானால், அவரும் கட்டிலுக்கு அடியில்தான் பெட்டியை வைக்க வேண்டியிருக்கும்.

அப்படி வாசல் திறந்தால் கட்சிக்காரர்கள் வாய் திறக்க மாட்டார்களே என்பார்கள். அதனால்தான் இன்னொரு வரியையும் சேர்த்துக் கேட்கிறேன். வக்கீல் வழியாக வந்த அந்தத் தகவலையோ அதன் வழியே கிடைத்த சாட்சியத்தையோ சொன்ன கட்சிக்காரருக்கு எதிராக எந்த வழக்கிலும் பயன்படுத்தக் கூடாது. நிரபராதியை வெளியே எடுக்க மட்டும் பயன்படட்டும். கொன்றவன் அந்த வழக்கில் தப்பிப்பானே என்றால், ஆம், தப்பிப்பான். வில்சனும் அந்தக் கொலைக்காகத் தண்டிக்கப்படாமலேதான் செத்தான். ரகசியத்தைக் காத்தும் அவனைத் தண்டிக்க முடியவில்லை, லோகனையும் விட முடியவில்லை. இரண்டில் ஒன்றாவது நடந்திருக்கலாம்.

இன்னொன்று. லோகன் விஷயத்தில் பழியை வக்கீல்கள்மேல் மட்டும் போடுவது எனக்கு ஒப்பவில்லை. தனக்குச் சாதகமான சாட்சியத்தைத் துப்பறிவாளர்கள் மறைத்துவிட்டார்கள் என்று லோகன் போட்ட வழக்கில், 2013-இல் சிகாகோ நகராட்சி ஒரு கோடியே இரண்டரை லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. உண்மையைத் தேடுவது போலீஸின் வேலை, அரசு வக்கீலின் வேலை. எதிரி நிரபராதி என்று காட்டக்கூடிய எதையும் அரசு வக்கீல் மறைக்கக் கூடாது என்று நம் பார் கவுன்சில் விதியிலும் இருக்கிறது. அதைப் பற்றிக் கல்யாண வீட்டில் யாரும் என்னிடம் கேட்டதில்லை.

வக்கீல் வைக்கக் காசில்லை. இலவச சட்ட உதவி வக்கீலிடம் சொன்னாலும் இதே பாதுகாப்பு உண்டா?

துளியும் குறையாது. சம்பளம் அரசு கொடுத்தாலும் ரகசியம் உங்களுடையது. கோவென்ட்ரியும் கன்ஸும் அரசு சம்பளம் வாங்கியவர்கள்தான். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், போனில் என்றால் 15100. வக்கீல் வந்ததும் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். சிறை நேர்காணலில் காவலர் பக்கத்தில் நின்றால், காது கேட்காத தூரத்துக்குத் தள்ளி நிற்கச் சொல்லும்படி உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள். அவர் நகர்ந்தபின் ஆரம்பியுங்கள்.